கிரீக் யோகட்டுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்தில் என்ன வாங்கலாம்?

கோண்டாவில்_காற்று

எல்லாருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 66 வயது. சீனி வருத்தம் பதினைந்து வருடமாக இருக்கிறது. போன மாரியில் காய்ச்சல் வந்து படுத்து எழும்பியதில் இருந்து உடம்பு வற்றிப் போய்விட்டது, கையில் வளையல் நிற்குதில்லை. கிளினிக்கில் புரதம் கூட்டச் சொல்லி எழுதினார்கள். சொல்வது சுகம். அம்மா மச்சம் தொடமாட்டா, முட்டையும் இல்லை, கடலையும் பயறும் கொடுத்தால் வயிறு ஊதுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவா. தயிர் என்றால் மட்டும் மறுபேச்சு இல்லை.

கொழும்பில் இருக்கும் தங்கச்சிதான் இந்தக் கிரீக் யோகட் கதையைத் தொடக்கினாள், சாதாரணத் தயிரைவிடக் கட்டி, புரதமும் கூட என்று. வெளிநாட்டுச் சரக்கு. ஒரு டப்பாவின் விலைக்கு இங்கே பக்கத்து வீட்டு மாட்டுப்பால் நாலைந்து போத்தல் வாங்கலாம். அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் அனுப்புவாள், நான் விடிய ஐந்தரைக்கு பஸ் நிலையத்தில் போய் நிற்க வேண்டும். முதல் தடவை நன்றாக வந்தது, அம்மாவும் ஒரு கிழமை ஆசையாகச் சாப்பிட்டா. இரண்டாம் தடவை பஸ் எங்கேயோ பழுதாகி நின்று பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ஐஸ் தண்ணியாகி, டப்பா மூடிகள் நாலும் பலூன் மாதிரி ஊதியிருந்தன. திறந்து மணந்து பார்த்துவிட்டு அப்படியே வாழைக்குப் புதைத்தேன். காசை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அதனால் இங்கே செய்கிற ஏதாவது ஒன்றுக்கு மாறலாம் என்று யோசிக்கிறேன். சூப்பர்மார்க்கட்டில் உள்ள கப் யோகட் வாங்கினேன், ஒரே இனிப்பு. கடைக்காரரைக் கேட்டால் “எல்லாம் யோகட்தான் பிள்ளை, பேர்தான் வேற” என்கிறார். மட்டக்களப்புச் சட்டித் தயிர் நல்ல கட்டியாக இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லாவிட்டால் வீட்டில் பால் தோய்த்து அப்படிக் கட்டியாக எடுக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ. இணையத்தில் அமெரிக்காக்காரன் எழுதினதை நானும் வாசித்துவிட்டேன், அவன் சொல்கிற சாமான் ஒன்றும் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் இல்லை.


கல்வியங்காட்டான்

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, கரண்டி குத்தினால் நிற்கும். கிரீக் யோகட் என்று வெள்ளைக்காரன் விற்பதும் அதைத்தான், கொஞ்சம் ஸ்டைலாக டப்பாவில் போட்டு. மூதூர், கிண்ணியா, மட்டக்களப்பு எங்கே இருந்து வந்தாலும் சரி, சட்டியோடு வந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நம்முடைய சாமானை விட்டுவிட்டு பஸ்ஸில் யோகட் எடுப்பிக்கிற காலம் வந்துவிட்டது.


சுன்னாகம்_மாமி

பிள்ளை, அம்மா தயிர் சாப்பிடுறா என்றால் பாதி வேலை முடிந்தது, கவலைப்படாதே.

நான் இந்தக் கிரீக் சாமானை லண்டனில் மகள் வீட்டில்தான் முதலில் கண்டேன். ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே விளங்கிவிட்டது, இது துணியில் கட்டி வடித்த தயிர். எங்கள் வீட்டில் ஆச்சி, தயிர் மிஞ்சினால் வேட்டித் துண்டில் கட்டி அடுப்படிக் கூரை வளையில் தூக்கிவிடுவா, இரவு முழுக்க கீழே சட்டியில் சொட்டும், காலையில் வெண்ணெய் மாதிரி இருப்பதை எடுத்து பனங்கட்டி சீவிப் போட்டு எங்களுக்குத் தருவா. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, “கட்டித் தயிர்” என்பதோடு சரி.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பால் ஆள் தருகிற பால் நாலு போத்தல், அதாவது மூன்று லீற்றர். பொங்கினவுடன் இறக்கக் கூடாது. நெருப்பைக் குறைத்து பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டிக்கொண்டு விடவேண்டும், அடிப்பிடித்தால் அந்த மணம் தயிரில் போகவே போகாது. பிறகு ஆறவிட வேண்டும். எவ்வளவு ஆற வேண்டும் என்றால், சின்ன விரலை வைத்து பத்து எண்ணும் வரைக்கும் பொறுக்க வேண்டும், அதற்கு முதல் விரலை எடுத்தால் சூடு கூட. உறை மோர் விடுவது லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கூட விட்டால் கெதியாகத் தோயும் என்று சிலர் அரைக் கோப்பை விடுகிறார்கள், அது கெதியாகப் புளிக்கும், அவ்வளவுதான். சித்திரை வெய்யிலில் நாலைந்து மணித்தியாலத்தில் தோய்ந்துவிடும். மார்கழியில் பானையைப் பழைய சாக்கால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வை.

தோய்ந்தவுடன் கலக்காமல் பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் துணியில் கொட்ட வேண்டும். சூட்டோடு கொட்டினால் தயிரும் தண்ணியோடு சேர்ந்து இறங்கும். துணி வெள்ளைப் பருத்தித் துணி, நாலு மடிப்பு. இதில் நான் ஒரு தடவை பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். மருமகள் துணியை மணக்கிற சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் எல்லாரும் மல்லிகைப்பூத் தயிர் சாப்பிட்டோம். அத்தார் மட்டும் “நல்லாத்தானே இருக்கு” என்றார், அவருக்கு மூக்கு வேலை செய்வதில்லை. துணியை வெறும் சுடுதண்ணியில் அவித்து வெய்யிலில் காயப்போடு, அது போதும்.

வளையில் தூக்குவது பழைய காலம். இப்போது அரிதட்டில் துணியை விரித்து, கீழே ஒரு சட்டி வைத்து, அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ளிவிடு. வெளியில் வைத்தால் எங்கள் வெக்கைக்கு விடிவதற்குள் புளித்துவிடும். எறும்பும் பூனையும் வேறு.


அறிவியல்நகர்

நான் கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்தவன், இப்போது பால் சேகரிப்போடு சம்பந்தப்பட்ட வேலை. மாமி சொன்ன முறை அச்சொட்டாகச் சரி. கல்வியங்காட்டான் அண்ணை சொன்னதில்தான் ஒரு பிழை இருக்கிறது, அதுவும் இந்த அம்மாவின் விஷயத்தில் முக்கியமான பிழை, கோபிக்க வேண்டாம்.

எருமைத் தயிர் கட்டியாக இருப்பதற்கும் கிரீக் யோகட் கட்டியாக இருப்பதற்கும் காரணம் வேறு வேறு. எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 வீதம் வரும், பசுப்பாலில் 4 வீதத்துக்குக் கிட்ட. எருமைப் பாலில் புரதமும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் 100 கிராமுக்கு 4 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே சட்டித் தயிரின் கட்டிக்குக் கொழுப்பு ஒரு பெரிய காரணம், மண்சட்டி தண்ணியை உறிஞ்சுவது இன்னொன்று. கிரீக் யோகட்டில் தண்ணியை வடித்து எடுப்பதால் புரதம் 100 கிராமுக்கு 9, 10 கிராம் வரை ஏறிவிடுகிறது. கரண்டி இரண்டிலும் நிற்கும், அதை வைத்துப் புரதத்தை அளக்க முடியாது. நாக்குக்குச் சட்டித் தயிர்தான் ராசா, அதில் எனக்கும் மறுப்பில்லை.

கப் யோகட் கதை இன்னொன்று. எங்கள் கடைகளில் உள்ள சாதாரணக் கப்பில் சீனியும் ஜெலட்டினும் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். அதனால்தான் கப்பைத் தட்டினால் ஜெலி மாதிரி ஆடுகிறது. புரதம் சாதாரணத் தயிர் அளவுதான். சீனி எவ்வளவு என்பதற்கு கப்பில் உள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டத்தைப் பார்த்தாலே ஒரு மட்டுக்குத் தெரியும். இன்னொன்று, அம்மா மச்சம் தொடமாட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெலட்டின் என்பது மாட்டின் தோல், எலும்பு, சில நாடுகளில் பன்றித் தோல், இவற்றில் இருந்து எடுப்பது. நல்லூர்க் கோயில் கொடியேறி 25 நாளும் வீட்டில் மீன் சட்டியைக் கண்ணில் காட்டாத சனம், பின்னேரம் கப் யோகட் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். சொல்லிக் குழப்ப விருப்பமில்லை, ஆனால் கேட்டபடியால் சொல்கிறேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், வாசித்துப் பாருங்கள்.

வீட்டில் வடிப்பதற்குக் கணக்கு இதுதான். ஒரு லீற்றர் பசுப்பாலில் புரதம் 32, 33 கிராம் அளவில் இருக்கும். மாமி சொன்ன மாதிரி நன்றாகக் காய்ச்சினால், தண்ணியோடு ஓடிப்போகிற வகைப் புரதமும் சூட்டில் மாறி கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பத்து நிமிடக் காய்ச்சல் முக்கியம், கிருமிக்காக மட்டும் இல்லை. வடித்து 400 கிராமில் நிறுத்தினால் 100 கிராமுக்கு 7 கிராம் சொச்சம் புரதம். மூன்றில் ஒரு பங்காக வற்றும் வரை விட்டால் 9க்குக் கிட்ட வரும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கும் அதுதான்.

ஆனால் வடிக்கும்போது கொழுப்பும் சேர்ந்து செறியும். முழுப்பாலில் செய்தால் 10 வீதத்தைத் தொடும். அம்மா மெலிந்து போயிருக்கிறா என்றால் அது பெரிய குற்றமில்லை. கொலஸ்ட்ரோலும் கூட என்றால், காய்ச்சின பாலை ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்து மேலே படிகிற ஆடையை எடுத்துவிட்டு, திரும்ப மெல்லிய சூடாக்கி உறை விடுங்கள். ஆடையைச் சேர்த்து நெய் உருக்கலாம், வீட்டில் சண்டை வராது.

சிலர் கட்டிக்காகப் பால்மா கலப்பார்கள். அதில் பாலின் சீனியும் சேர்ந்து ஏறும், சீனி வருத்தக்காரருக்குச் சரிவராது. அதுவும் இல்லாமல் அந்தப் பால்மா அநேகமாக நியூசிலாந்தில் இருந்து வருவது. இறக்குமதி வேண்டாம் என்று தொடங்கி இறக்குமதியில் போய் முடிவதா?

கடைசியாக ஒன்று. சீனி வருத்தத்தோடு சிலருக்குச் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருக்கும். கிளினிக்கில் புரதம் கூட்டச் சொன்னவர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒருக்கால் கேட்டுக்கொள்ளுங்கள்.


கல்வியங்காட்டான்

சரி, ஒத்துக்கொள்கிறேன். புரதம் பற்றி எனக்குத் தெரியாது, நான் ருசியைச் சொன்னேன். ஆனால் அந்த ஜெலட்டின் விஷயத்தை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம், வீட்டில் பிரிட்ஜுக்குள் ஆறு கப் இருக்கிறது, மனிசி இதை வாசித்தால் இன்றைக்கு எனக்குச் சோறு இல்லை.

எருமைத் தயிரையே வடித்தால் என்ன?


அறிவியல்நகர்

வடிக்கலாம் அண்ணை. ஆனால் அதில் இருந்து தண்ணி கொஞ்சம்தான் இறங்கும், மிஞ்சுவது வெண்ணெய் மாதிரிக் கொழுப்புக் கூடினது. பாணில் பூசலாம்.


தோஹா_திரும்பி

பன்னிரண்டு வருடம் கத்தாரில் சமையலறையில் நின்றவன், அதனால் ஒரு வார்த்தை. அரபுக்காரரின் லப்னே இதுதான். அவர்கள் வடிப்பதற்கு முதல் உப்பு போட்டுக் கலப்பார்கள், லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி. உப்பு போட்டால் தண்ணியும் கெதியாக இறங்கும், இரண்டு நாள் கூடவும் நிற்கும். இரண்டு நாள் முழுக்க வடியவிட்டு, எலுமிச்சங்காய் அளவில் உருட்டி ஒலிவ் எண்ணெய்க்குள் போட்டு வைப்பார்கள். துருக்கிக்காரர், லெபனான்காரர், எல்லாரும் “இது எங்கட சாமான், கிரேக்கன் பேரை எடுத்திட்டான்” என்று சமையலறையில் சண்டை பிடிப்பார்கள். மராட்டிப் பெடியன் ஒருவன், அவன் ஊரில் வடித்த தயிருக்குச் சீனியும் ஏலக்காயும் போட்டு சிறீகண்ட் செய்வார்கள் என்று சொல்லி எல்லாருடைய வாயையும் அடைத்தான். நான் ஆச்சி கதை சொல்லவில்லை, எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை, மாமி எழுதினதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு வளையில் தொங்கின துணி ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் உப்பு வேண்டாம்.

பால் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணி கலந்த பாலாக இருந்தால் வடிக்கும்போது உடனே பிடிபடும். ஒரு லீற்றருக்கு 250 கிராம்கூடத் தேறாவிட்டால், பால் ஆளோடு கதைக்க வேண்டியதுதான். நான் ஊருக்கு வந்த புதிதில் எங்களுக்குப் பால் தந்தவரிடம் சண்டை பிடிக்காமல், வடித்த தயிரையும் வடிந்த தண்ணியையும் இரண்டு போத்தலில் போட்டு படலையில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளில் இருந்து பால் தடித்துவிட்டது.


வெம்பிளிப்_பனி

லண்டனில் இருந்து எழுதுகிறேன். பெயரைப் பற்றி ஒரு தகவல், உங்களுக்கு உதவும். இங்கே 2013 இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. பாகே என்ற கிரேக்கக் கொம்பனி, அமெரிக்காவில் செய்து கொண்டுவந்து “கிரீக் யோகட்” என்று விற்ற சோபானி கொம்பனிக்கு எதிராகப் போட்ட வழக்கு. கிரேக்கத்தில் செய்யாததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று தீர்ப்பு, 2014 இல் மேன்முறையீட்டிலும் அது நின்றது. அதனால்தான் இங்கே கடையில் ஒரு டப்பாவில் “கிரீக்” என்றும் பக்கத்து டப்பாவில் “கிரீக் மாதிரி” என்றும் இருக்கும். இந்த “மாதிரி”க்குள் தான் விளையாட்டு. சிலது உண்மையாக வடித்தது. சிலது வடிக்காமல் கிறீமோ மாவோ பால்மாவோ போட்டுத் தடிக்க வைத்தது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தங்கச்சி கொழும்பில் வாங்கி அனுப்புகிற டப்பாவிலும் புரதம் 9 இருக்கிறதா 5 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளூர்க் கொம்பனிகள் நாளைக்கு அந்தப் பெயரில் விற்றாலும் இதே பார்வைதான். முன்பக்கத்துப் படத்தில் நீலக் கடலும் வெள்ளை வீடும் இருக்கும், அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள்.

மற்றபடி நான் இங்கே இருந்துகொண்டு ஊர்ப் பால் கிடைக்கிற உங்களுக்கு யோகட் பற்றிச் சொல்வது பகிடிதான். எனக்கு ஒரு போத்தல் கறந்த பால் கிடைத்தால் வடிக்க மாட்டேன், அப்படியே குடித்துவிடுவேன்.


கோண்டாவில்_காற்று

ஒரு கிழமை பேச்சில்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கோ, செய்து பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று நின்றேன்.

முதலில் ஒரு முட்டாள் வேலை செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த கப் யோகட் நாலையும் துணியில் கொட்டி வடியவிட்டேன், பால் காய்ச்சுகிற பஞ்சியில். இரவு முழுக்க வைத்தும் கீழே ஒரு மேசைக்கரண்டி தண்ணிகூட இல்லை, துணிக்குள் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. பிறகுதான் ஜெலட்டின் தண்ணியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று விளங்கியது.

பிறகு மாமி சொன்னபடி. பக்கத்து வீட்டில் இரண்டு போத்தல் பால், ஒன்றரை லீற்றர். விரலை வைத்து பத்து எண்ணினேன், ஏழிலேயே எடுத்துவிட்டேன், பொறுமையில்லாமல் அப்படியே உறையும் விட்டேன். விளைவு, புளிப்புக் கூடி மேலே தண்ணி நின்றது. இரண்டாம் தடவை பத்தும் எண்ணினேன். பின்னேரம் மூன்று மணிக்கு உறை விட்டது எட்டு மணிக்கு நன்றாகத் தோய்ந்து, சட்டியைச் சரித்தால் ஒரே தகடாக ஓரத்தை விட்டு விலகியது. இரவு முழுக்க பிரிட்ஜில் குளிரவிட்டு, விடிய அரிதட்டில் துணி விரித்துக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் கீழே இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணி முக்கால் சட்டி. துணியைப் பிரித்தபோது துணியின் நெசவு அப்படியே தயிரில் அச்சாகப் பதிந்திருந்தது, கத்தியால் வெட்டலாம் போல. நிறுத்துப் பார்த்தேன், 560 கிராம்.

அம்மா முதலில் சந்தேகத்தோடு ஒரு கரண்டி எடுத்தா. “இது பஸ்ஸில வந்ததோ?” என்று கேட்டா. இல்லை, பக்கத்து வீட்டு மாடு என்றேன். பிறகு தானே எழும்பிப் போய் வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டு, கடுகு தாளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தா. அவ அடுப்படிக்குள் போய் மூன்று மாதம் இருக்கும்.

இப்போது காலையிலும் பின்னேரமும் நூறு நூறு கிராம் சாப்பிடுறா. கிளினிக்கில் கேட்டேன், சிறுநீரக ரிப்போர்ட் பிரச்சினை இல்லை, இந்த அளவு சரி என்றார்கள். தங்கச்சிக்குச் சொன்னேன், இனி பஸ்ஸில் ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று. அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், “நான் அனுப்பினதுதானே முதல் பிடிச்சது” என்கிறாள். உண்மைதான்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, இந்தத் தண்ணியை என்ன செய்வது, ஊற்ற மனம் வரவில்லை. இரண்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒருவர் ஆடு வளர்க்கிறார், ஆட்டுப்பாலில் செய்யலாமா?


அறிவியல்நகர்

ஆட்டுப்பால் உறையும், ஆனால் நொளநொள என்றுதான் இருக்கும், அதில் உள்ள புரதம் இறுக்கமாகப் பிடிக்காது. வடித்தால் தேறுவதும் குறைவு. குடிக்கக் கொடுங்கள், வடிக்கப் பசு.

உறை மோரை மாற்றாமல் மாதக் கணக்கில் ஓட்ட வேண்டாம். தயிர் நூல் விடத் தொடங்கினால், அதாவது கரண்டியைத் தூக்கும்போது கோழை மாதிரி இழுபட்டால், முழுவதையும் கொட்டிவிட்டு பானையைச் சுடுதண்ணியில் அவித்து, வேறு வீட்டு உறையில் தொடங்குங்கள். வடித்த தயிர் பிரிட்ஜில் நாலைந்து நாளுக்கு மேல் வேண்டாம். கறிக்குள் போட்டுக் கொதிக்க விடவும் வேண்டாம், திரிந்துவிடும். இறக்கின பிறகு கலக்குங்கள்.

தண்ணியின் அந்தப் பச்சை நிறம் பி2 உயிர்ச்சத்து. கல்சியமும் இருக்கிறது. ஆனால் பாலின் சீனியும் நிறைய அதில்தான் இறங்கியிருக்கிறது, அதனால் அம்மாவுக்குக் கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கொடுக்க வேண்டாம், நீங்கள் குடியுங்கள்.


சுன்னாகம்_மாமி

பிள்ளை, ஏழிலே எடுத்ததை ஒத்துக்கொண்டாய் பார், அது நல்ல பிள்ளைக்கு அடையாளம். என்னுடைய மருமகள் இன்னும் சவர்க்காரத் தூளை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தண்ணியில் ரொட்டிக்கு மா குழை. வெறும் தண்ணியில் குழைப்பதைவிட ரொட்டி மெதுவாக வரும், லேசான புளிப்போடு, கட்டைச் சம்பலுக்கு அப்படி ஒரு பொருத்தம். மிச்சத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்புப் போட்டு மத்தியானம் நீ குடி, வெய்யிலுக்கு நல்லது. அதற்கும் மேலே மிஞ்சினால் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து கறிவேப்பிலைக் கன்றடியில் ஊற்று.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும் காலத்தில் அம்மாவுக்கு இரண்டு துண்டு, இரண்டே இரண்டு, இந்தத் தயிரோடு வைத்துக் கொடு. அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துவிடு.


கல்வியங்காட்டான்

மாமி, அந்த ரொட்டி மாவுக்கு எவ்வளவு தண்ணி? இங்கே வீட்டில் கப் யோகட் ஆறும் குப்பைக்குப் போய்விட்டது, நாளைக்குக் காலையில் எனக்கும் துணி விரிக்கிற வேலை.


சுன்னாகம்_மாமி

கையால் தொட்டுப் பார்த்துக் குழை தம்பி. ஒட்டாமல் வந்தால் காணும்.